ஒட்டுக்கிளையின் பொறுமை

இரத்தப் புற்றுநோயுற்ற தம்பிக்குத் தன் குருத்தணுக்களைக் கொடுத்த ஒரு சகோதரி, சில வாரங்கள் கழித்து என்னிடம் வந்தார். "சாமி, நான் கொடுத்த அணுக்களே அவன் தோலையும் குடலையும் புண்ணாக்குகின்றன என்கிறார் மருத்துவர். உயிர் கொடுக்கப் போன நானே அவனுக்கு நோயாகிவிட்டேனா?" என்று கேட்டார். ஆறுதல் சொல்லி அனுப்பினேன். கேள்வி மட்டும் என்னைவிட்டு அகலவில்லை.

சிறுநீரகம் பொருத்தப்படும்போது, ஏற்கும் உடலே வந்த உறுப்பை அந்நியமெனத் தாக்கும். எலும்பு மஜ்ஜை மாற்றத்திலோ நிலைமை தலைகீழாகிறது. அங்கே வந்து குடியேறுபவை காவல் புரியும் வெள்ளையணுக்கள். அவற்றுள் டி அணுக்கள் எனப்படுபவை, புகுந்த வீட்டையே பகைவனின் கோட்டையாகக் கருதித் தாக்கத் தொடங்குகின்றன. உடன்பிறந்தாரிடையே திசுப் பொருத்தம் முழுமையாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவ்வாறு அமைந்தாலும் நுண்ணிய வேறுபாடுகள் எஞ்சவே செய்யும்.

அச்சகோதரியிடம் குற்றமுண்டா? இல்லை. நன்மையை நாடிச் செய்யும் செயலோடு, நாடாத தீய விளைவும் உடன் வரக்கூடும். தக்க காரணம் இருப்பின் அச்செயல் குற்றமாகாது என்பது திருச்சபையின் அறநெறி இறையியல். ஆயினும், கொடுப்பது மட்டும் அன்பாகிவிடுமா என்ற வினா எஞ்சுகிறது.

இதற்கு விஞ்ஞானம் ஓர் ஒளி தருகிறது. 1953-இல் இங்கிலாந்தில் பீட்டர் மெடவாரும் அவருடைய துணைவர்களும், பிறவாத எலிக்குஞ்சுகளின் உடலில் வேறோர் இன எலியின் அணுக்களைச் செலுத்தினர். அவை வளர்ந்தபின், அவ்வினத்தின் தோலை ஒட்டியபோது ஏற்றுக்கொண்டன. சகிப்பு கற்றுக்கொள்ளத் தக்கது என்று உலகம் அறிந்தது. 1960-இல் மெடவாரும் பர்னெட்டும் நோபல் பரிசு பெற்றனர். பின்னர் 1995-இல் ஜப்பானின் சகாகுச்சி, பிற அணுக்களின் சீற்றத்தை அடக்குவதையே தொழிலாகக் கொண்ட டி அணுக்கள் உண்டென்று காட்டினார். 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், பிரங்கோ, ராம்ஸ்டெல் ஆகிய இருவருக்கும் கிடைத்தது.

இவ்வறிவு இன்று மருத்துவமனையிலும் பயன்படுகிறது. மாற்றம் நிகழ்ந்த மூன்றாம், நான்காம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தைச் செலுத்தும் முறையொன்று உண்டு. ஏற்ற உடலைக் கண்டவுடன் கொதித்தெழுந்து விரைந்து பெருகும் அணுக்களே அதற்குப் பெரிதும் இரையாகின்றன. குருத்தணுக்களும் அடக்கும் அணுக்களும் பிழைத்து நிற்கின்றன.

அப்படியானால் சண்டையிடும் அணுக்கள் அனைத்தையும் முன்கூட்டியே அகற்றிவிடலாமே எனத் தோன்றும். அகற்றினால் வேறோர் இடர் நேரும். ஒளிந்திருக்கும் புற்றணுக்களை அழிப்பவையும் அவையே. அவை இல்லாத உடலில் புற்று மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு மிகும்; தொற்று எளிதில் நுழையும். எனவே, எதையும் எதிர்க்காதிருப்பது சகிப்பு அன்று. தீமையை எதிர்க்கும் ஆற்றலை இழக்காமலே, தன்னைத் தாங்கும் உடலின்மேல் கை ஓங்காதிருப்பதே சகிப்பு. ஒன்று கோழைத்தனம், மற்றது புண்ணியம். இரண்டையும் நாம் எத்தனை முறை குழப்பிக்கொள்கிறோம்!

புனித பவுல் உரோமையருக்கு எழுதுகையில், ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட காட்டுக்கிளையை எச்சரிக்கிறார். வேரைக் கிளை தாங்கவில்லை, வேரே கிளையைத் தாங்குகிறது. ஆதலால் பெருமை கொள்ளலாகாது என்பது அவர் கருத்து. கொடுக்கிறவர்களாகிய நாமும் பிறர் வாழ்வில் ஒட்டப்பட்ட கிளைகளே. பிள்ளையைப் படிக்கவைத்த தந்தை அவன் மணவாழ்வையும் ஆள முற்படுகிறார். ஏழைக்கு உதவியவர் அவன் நன்றியைக் கணக்குப் பார்க்கிறார். கொடை நல்லதுதான். ஆனால் அது புகுந்த வீட்டைத் தன் வீட்டின் மறுபதிப்பாக்கத் துடிக்கும்போது, தாங்கும் வேரையே வாட்டுகிறது.

அச்சகோதரி மறுமுறை வந்தபோது சொன்னேன்: "மகளே, நீ அவனுக்கு நோயாகவில்லை. உன் கொடை அவனோடு வாழப் பழகிக்கொண்டிருக்கிறது. அதுவரை மருத்துவர்கள் அதற்குப் பொறுமை கற்பிக்கட்டும். நீ அவன் கட்டிலருகே அமர்ந்திரு." அணுக்களுக்கு மருந்து பொறுமை கற்பிக்கிறது, நமக்கோ அதை நாமே மனமுவந்து கற்கும் சுதந்திரத்தை இறைவன் அருளியிருக்கிறார்.