நான்காவது பேட்டரி

சென்ற ஆண்டு இடவப்பாதி மழை ஓய்ந்த சமயத்தில், முழங்கால் நோவினால் சாலைக் கடைத்தெருவுக்குக்கூட நடக்க இயலாதவளாகிவிட்ட என் மனைவியை முன்னிட்டு, வேறொருவர் சில காலம் ஓட்டிவிட்டு வீட்டு முகப்பில் நிறுத்திவைத்திருந்த மின்சார மூன்று சக்கர வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினேன். கரமனையிலிருந்து கிழக்கேகோட்டை வரையில் அது சாதுவாகவே ஓடியது. ஆனால் ஓவர்பிரிட்ஜைக் கடந்து, ஆயுர்வேதக் கல்லூரியை நோக்கிச் சாலை ஏறத் தொடங்கும் அந்த மேட்டில், மூச்சு முட்டியதுபோல் நின்றுவிடுவதை வழக்கமாகக் கொண்டது. சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி நகரும். மேடு வந்தால் மறுபடி நிற்கும்.

இருக்கைக்கு அடியில் 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் நான்கு, ஒன்றோடொன்று தொடராகக் கோக்கப்பட்டு, 48 வோல்ட் தொகுப்பாக இருந்தன. இரவு முழுவதும் சார்ஜ் செய்து, காலையில் தொகுப்பின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தபோது 50.8 வோல்ட் காட்டியது. பேட்டரிகள் ஆரோக்கியமாக உள்ளன என்று அதிலிருந்து நிச்சயித்துக்கொண்டு, மோட்டார்மீதும் ஒயர்மீதும் சந்தேகம் கொண்டு பல நாட்களை வீணாக்கினேன். கடைசியில், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கரமனையில் குடியேறிய ஒரு பேட்டரி மேஸ்திரியிடம் போனபோது, அவர் மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, “நிக்கிற வண்டியை அளந்தா என்ன சார் தெரியும்? பாரத்தோட, ஒவ்வொண்ணாத் தனியா அளக்கணும்” என்றார்.

அப்படியே என்னை ஏற்றி, அதே மேட்டில் நான்கு முறை வண்டியைச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் ஒரு பேட்டரியின் முனைகளில் மீட்டரைப் பொருத்திப் பார்த்தார். மூன்று பேட்டரிகள் ஏறத்தாழ 12 வோல்ட்டில் உறுதியாக நின்றன. நான்காவது 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தது. அதன் மூடிகளைத் திறந்தபோது காரணமும் பிரத்தியட்சமாயிற்று. மற்ற மூன்றிலும் நீர் குறியளவு நிற்க, இதில் மட்டும் தகடுகள் வறண்டு வெளியே தெரிந்தன. சட்டத்தின் மூலையில், ஓர் இரும்புப் பட்டைக்கு அடியில் அது இருந்தபடியால், நீர் ஊற்றிய கைகள் எட்டிய மூன்றுக்கும் ஊற்றிவிட்டு, எட்டாததை விட்டுவிட்டிருக்கின்றன.

பேட்டரி மின்சாரம் தரும்போது அதன் தகடுகளில் நுண்மையாகப் படியும் ஈய சல்பேட், உடனே சார்ஜ் செய்தால் கரைந்து பூர்வ நிலையை அடைகிறது. காலியாகவே வாரக்கணக்கில் கிடந்தாலோ, இதைப்போல் நீர் வற்றித் தகடுகள் வறண்டாலோ, பெரும் படிகங்களாக இறுகிப்போய், பிறகு எளிதில் கரைவதில்லை. 1859இல் பிரான்ஸ் தேசத்து காஸ்தோன் பிளாந்தே இந்த வகை பேட்டரியை உருவாக்கியபோது, ஈயத் தகடுகளைத் திரும்பத் திரும்ப நிரப்பியும் வடித்தும் பழக்கித்தான் அவற்றின் வல்லமையை வளர்த்தார் என்பதை நினைத்தால், உழைப்பினால் இது கெடுவதைவிட, உழைத்தபின் கவனிப்பாரற்றுக் கிடந்து கெடுவதே அதிகம் என்று தோன்றுகிறது.

மேஸ்திரி சொன்ன மற்றொரு விஷயம்தான் என்னை நெடுநேரம் விசாரத்தில் ஆழ்த்தியது. சார்ஜர் நான்கையும் தனித்தனியே அறியாது. கூட்டுத்தொகையை மட்டுமே அறியும். தகடு இறுகிய பேட்டரி மின்சாரத்தை ஏற்க மாட்டாமல் எதிர்ப்பதால், அதன் வோல்ட் மற்றவற்றுக்கு முன்பே உயர்ந்துவிடுகிறது. எது உள்ளே வெறுமையாக இருக்கிறதோ, அதுவே முதலில் நிறைந்துவிட்டதாகக் காட்டிக்கொள்கிறது. மேட்டிலோ, ஒரே மின்னோட்டம் நான்கின் வழியாகவும் போகவேண்டியிருப்பதால், வலியவை மூன்றும் அதற்காக நிதானிப்பதில்லை. அது முற்றும் வடிந்த பின்னும் தொடர்ந்தால், அதன் துருவங்களே தலைகீழாக மாறிவிடக்கூடும்.

இதைக் கேட்டபோது எனக்கு அத்தையின் நினைவு வந்தது. வலியசாலை அக்கிரகாரத்தில் பதினான்கு பேர் வாழ்ந்த எங்கள் வீட்டுக்கு, இளம் பிராயத்திலேயே கணவனை இழந்து வந்து சேர்ந்தவள் அவள். கூடத்துக்கு அவள் வருவதே அபூர்வம். அடுக்களையும் கொல்லைப்புறமுமே அவள் உலகம். எல்லாரும் உண்டு எழுந்த பிறகு மிச்சமிருப்பதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே, “எனக்குப் போறும்” என்பாள். மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் பார்த்து வீட்டில் எதற்கும் குறைவில்லை என்று அப்பா திருப்தி அடைவார். அந்தக் கணக்கு பொய்யுமல்ல. என் தமக்கையின் கல்யாணத்தில், மூன்று நாள் ஓயாத வேலைக்கு நடுவே, அத்தை அடுப்படியில் மயங்கி விழுந்தாள். பல வருஷத்து ரத்தசோகை என்றார் வைத்தியர். அவளுக்குச் சுபாவமாகவே பலவீனமான சரீரம் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அவள் எங்கள் கை எட்டாத மூலையில் இருந்தாள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மேஸ்திரி அந்தப் பேட்டரியைத் தனியே எடுத்துவைத்தார். வற்றிப் போனது நீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது என்பதால், காய்ச்சி வடித்த நீரை மட்டும் தகடுகள் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, மற்றவற்றோடு சேர்க்காமல், 5 ஆம்பியரில் இரண்டு நாள் நிதானமாக மின்சாரம் கொடுத்தார். பிறகு குறிவரை நிரப்பி ஹைட்ரோமீட்டரை இட்டபோது, மற்றவை 1.27 காட்ட, இது 1.22 வரை வந்தது. இறுகியவை அனைத்தும் கரைந்துவிடவில்லை. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். “வேண்டாம் சார், பழசோட சேத்தா புதுசும் சீக்கிரம் பழசா ஆயிரும், இதையே பாத்துக்கிடுங்க” என்று சொல்லி, அந்த இரும்புப் பட்டையைக் கழற்றிப் பூட்டும்படியாக மாற்றிக் கொடுத்தார்.

இப்போது வண்டி, முன்னைப்போல் விரைவாக இல்லாவிடினும், நிற்காமல் மேடு ஏறுகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று பட்டையைக் கழற்றி, நான்காவது பேட்டரியின் மூடியிலிருந்தே தொடங்குகிறேன். இரவு உணவுக்குப் பின் என் மனைவி, “எனக்குப் போறும்” என்று சொன்னால், எழுந்து போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கை அலம்புகிறேன்.