கறையும் கழுவும் கையும்

அழுக்கை நீக்குபவர் மீது அந்த அழுக்கு படியுமா என்னும் கேள்வி, உயிரின் விடுதலையைப் பேசும் சமய நூல்களிலும், கழிப்பறையைக் கழுவும் அன்றாட வேலையிலும் ஒருங்கே எழுவதாகும். முதல் இடத்தில் தமிழ்ச் சைவம் அதற்குத் தெளிவான விடை கூறியிருக்க, அந்தச் சைவத்தைப் போற்றும் சமூகமோ இரண்டாம் இடத்தில் அதற்கு நேர்மாறான விடையையே நெடுங்காலமாக நடைமுறையில் வைத்திருக்கிறது. இம்முரணை ஆராய்வதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரியும் அதைச் சூழ்ந்த தொண்டை நாடும் மிகப் பொருத்தமான நிலமாகும். சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையனோடு மரபு இணைத்துப் பேசும் பேரேரியைக் கொண்ட இவ்வட்டாரத்தில்தான், பிறர் அழுக்கை வெளுத்த ஒருவர் நாயனாராகப் போற்றப்படும் காஞ்சி நகரமும் இருக்கிறது.

கழிப்பறைப் பீங்கானில் படியும் விடாக்கறை எத்தகையது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. களிமண்ணை அச்சில் வார்த்து, கண்ணாடி போன்ற மேற்பூச்சு இட்டு, ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசில் சுட்டு எடுக்கப்படும் பீங்கான் தன்னளவில் எதையும் எளிதில் உறிஞ்சுவதில்லை. எனினும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் புழங்கும் வீடுகளில், நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து, சிறுநீரின் உப்புகளோடு சேர்ந்து இறுகி, நீரில் இரும்பு இருந்தால் பழுப்பு நிறமும் ஏறி, நாளடைவில் பீங்கானின் இயல்பே அதுதானோ என்று மயங்கும் அளவுக்கு நிலைத்துவிடுகின்றன. இதனைக் கம்பி நாரால் வன்மையாகத் தேய்த்தால் மேற்பூச்சு கீறுபடுகிறது. கீறல்களில் அடுத்த கறை முன்னிலும் விரைவாகப் பற்றுகிறது. இதற்கு மாறாக, சந்தையில் கிடைக்கும் பல கழிப்பறைத் திரவங்களில் சுமார் 10 விழுக்காடு அளவில் கலந்துள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமோ, அதனினும் மென்மையான எலுமிச்சை அமிலமோ, சிறிது நேரம் ஊறவிடப்படும்போது சுண்ணாம்புப் படிவோடு வினைபுரிந்து, அதனைக் கரையும் உப்பாக மாற்றிவிடுவதால், பின்னர் தூரிகையின் மெல்லிய உராய்வே போதுமானதாகிறது.

சைவ சித்தாந்தம், அதாவது 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தால் முறைப்படுத்தப்பட்ட தமிழ்ச் சைவ மெய்யியல், உயிரின் நிலையையும் இத்தகைய கறைநீக்கமாகவே விளக்குகிறது. அதன்படி பதி எனப்படும் இறைவன், பசு எனப்படும் உயிர், பாசம் எனப்படும் கட்டு ஆகிய மூன்றும் தொடக்கமற்றவை. பாசமானது ஆணவம், கன்மம், மாயை என மூவகைப்படும். இவை மலம், அதாவது அழுக்கு, எனவும் வழங்கப்படும். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம், செம்போடு தோன்றிய களிம்பைப் போல என்றும் உடன் இருப்பதால் சகச மலம் என்றும், வினைத்தொகுதியாகிய கன்மமும், உடலும் உலகமும் தோன்றுவதற்கு முதற்காரணமாகிய மாயையும் இடையில் வந்து சேர்வதால் ஆகந்துக மலம் என்றும் கூறப்படும். இந்தப் பாகுபாட்டை அளவுகோலாகக் கொண்டால், புழங்கப் புழங்கப் படலம் படலமாக ஏறும் பீங்கான் கறை ஆணவத்தைவிடக் கன்மத்துக்கே நெருங்கியது என்பதும், இரண்டையும் முற்றிலும் ஒன்றாக வைத்துப் பேசுவது பொருந்தாது என்பதும் விளங்கும்.

ஆயினும் நீக்கும் முறையைப் பற்றிச் சித்தாந்தம் கூறுவது கழிப்பறைக்கும் வியப்பளிக்கும் அளவுக்குப் பொருந்துகிறது. மெய்கண்டாரின் மாணவராகிய அருணந்தி சிவாச்சாரியார் தம் சிவஞான சித்தியாரில், மாயையும் ஒரு மலம் என்றால் இறைவன் அதனையே உயிருக்கு உடலாகவும் கருவிகளாகவும் கொடுப்பது ஏன் என்னும் ஐயத்தை எழுப்பி, அழுக்கேறிய துணியில் சாணத்தையும் உவர்மண்ணையும் ஏற்றி அழுக்கை வெளியேற்றுவதைப் போல, இறைவன் ஒரு மலத்தைக் கொண்டே இன்னொரு மலத்தைக் கழுவுகிறான் என்று விடை தருகிறார். தன்னளவில் ஊறு செய்யவல்ல அமிலம், அளவறிந்து கையாளப்படும்போது தூய்மையின் கருவியாவதும், வேலை முடிந்தபின் அதுவும் நீரால் முற்றிலும் கழுவப்பட வேண்டியிருப்பதும், பிளீச்சிங் பவுடரோடு அது கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழுவதும், கருவியைக் கருவியென்று அறிந்து பயன்படுத்தும் விவேகத்தை இந்த வேலையும் கோருகிறது என்பதைக் காட்டுகின்றன. மேலும், மலத்தின் பிடி தளரும் பக்குவநிலையை மலபரிபாகம் என்று சித்தாந்தம் கூறும். அந்தப் பக்குவம் வருவதற்கு முன் வலிந்து பறிக்க முயல்வதால் பயனில்லை என்பதை, ஊறாத கறையைச் சுரண்டிப் பீங்கானைக் கெடுத்தவர் எவரும் ஒப்புக்கொள்வர்.

சித்தியாரின் இவ்விளக்கத்தில் அதிகம் பேசப்படாத ஓர் உட்கிடை உண்டு. அங்கே அழுக்கைக் கழுவுகிறவன் இறைவனே ஆவான். அவன் மலத்தைத் தொட்டு நீக்கியும் மலத்தால் தீண்டப்படுவதில்லை. மலமற்றவன் என்று பொருள்படும் நின்மலன் என்னும் பெயரும் அவனுக்கே உரியது. எனவே, கழுவும் செயல் கழுவுபவரைத் தாழ்த்தும் என்பது இந்த மெய்யியலின் கருத்தாக இருக்க இயலாது. ஆனால் ஆசாரம் எனப்படும் நடைமுறைத் தூய்மை விதி, அழுக்கு, தீட்டு ஆகிய இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. அழுக்கு என்பது நீராலும் சோப்பாலும் போகக்கூடிய ஒரு பொருள். தீட்டு என்பது ஒருவர் மீது மற்றவர் ஏற்றிவைக்கும் ஒரு நிலை. வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த பின்னும் ஒருவரைத் திண்ணையில் அமரவிடாத வழக்கம், அழுக்கைக் கண்டு அஞ்சியதன்று. அவரது பிறப்பையே கழுவ இயலாத கறையாகக் கருதியதாகும். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பின்னும், மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையைத் தடுக்க 1993இலும் 2013இலும் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன என்பது, அந்தக் கற்பனைக் கறை எத்துணை ஆழமாக இறுகியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

இந்த வழக்கத்துக்கு எதிரான சாட்சி தொண்டை நாட்டின் இலக்கியத்திலேயே இருக்கிறது. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் பிறந்தவராகிய சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில், காஞ்சியில் சலவைத் தொழில் செய்த திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் வரலாற்றைப் பாடும் இடத்தையே தம் சொந்த நாட்டின் வளத்தையும் காஞ்சியின் பெருமையையும் விரித்துரைக்கும் இடமாகத் தேர்ந்துகொண்டார். சிவனடியார்களின் துணிகளை வெளுத்துத் தருவதைத் தொண்டாகக் கொண்டிருந்த அவரிடம், குளிர்காலத்தில் மெலிந்த அடியவர் வடிவில் சிவபெருமான் வந்து, அழுக்கேறிய தம் கந்தையைப் பொழுது சாயுமுன் வெளுத்துத் தர வேண்டும் என்று கேட்கிறார். மழை விடாமல் பெய்ததால் துணியை உலர்த்த இயலாமற்போக, வாக்குத் தவறியதற்கு வருந்தித் துணி துவைக்கும் கல்லில் நாயனார் தலையை மோதியபோது, இறைவனின் கை எழுந்து அவரைத் தடுத்தது என்கிறது புராணம். அடியவரின் கந்தையில் உள்ள அழுக்கு இங்கே கடவுளின் அழுக்காகவே நிற்கிறது. அதனை வெளுத்தவரை அது தாழ்த்தவில்லை, இறைவனின் கை தொடும் இடத்துக்கு உயர்த்தியது.

இவ்விடத்தில் ஒரு வலிய மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். துப்புரவுத் தொழிலைத் தூய தொண்டாகப் புகழ்ந்து 1936இல் 'ஹரிஜன்' இதழில் காந்தி எழுதியதை, 1945இல் வெளிவந்த தம் நூலில் அம்பேத்கர் கடுமையாகச் சாடினார். பிறப்பால் அந்த வேலையில் அடைக்கப்பட்டவர்களிடம் அதன் பெருமையைப் பாடுவது, அவர்களை அதிலேயே மனநிறைவோடு இருத்திவைக்கும் சூழ்ச்சி என்பது அவர் வாதத்தின் சாரம். நாயனார் புராணத்துக்கும் இந்த மறுப்பு பொருந்தும். வெளுக்கும் குலத்தில் பிறந்தவர் வெளுத்தே முத்தியடைந்தார் என்று படித்தால், அது சாதிப் பிரிவினைக்கு அருள்முத்திரை குத்துவதாகவே முடியும். காந்தி 1901இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில், அது தங்கள் வேலையன்று என்று தொண்டர்கள் ஒதுங்கிய கழிப்பிடத்தைத் தாமே துடைப்பம் ஏந்திச் சுத்தம் செய்தார் என்பதும் உண்மையே. ஆனால் ஒருவரின் முன்மாதிரி ஒரு சமூகத்தின் வேலைப் பங்கீட்டைத் தானாக மாற்றிவிடுவதில்லை.

அம்பேத்கரின் மறுப்பு சித்தாந்தத்தின் விடையைப் பொய்யாக்குவதில்லை. அதனை உண்மையாக ஏற்றுக்கொண்டவர் யார் என்பதைச் சோதிக்கும் உரைகல்லை அது தருகிறது. கழுவுபவரைக் கறை பற்றாது என்பது மெய்யானால், அந்த வேலையை ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒதுக்குவதற்கு எந்தச் சமயக் காரணமும் எஞ்சாது. ஒதுக்கீடு தொடருமானால், தொண்டு என்ற புகழ்ச்சி வெறும் வாய்ச்சொல்லாகும். தேவாரம் பாடிய நாயனாராகிய அப்பர் கையில் ஏந்திய, கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவியாகிய உழவாரத்தின் பெயரால், இன்றும் அன்பர் குழுக்கள் திருக்கோயில்களில் கூடிச் சுற்றாலையைப் பெருக்கி விளக்குகளைத் துலக்குகின்றன. அந்த உழவாரப் பணி பெரும்பாலும் யாத்திரிகர்களின் கழிப்பறை வாசலில் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் உள்ள வேலை ஊதியத்துக்கு வருபவருடையது என்று பேசாமலே முடிவாகியிருக்கிறது. வீட்டில் தான் புழங்கும் பீங்கானைத் தானே கழுவுவதும், ஊதியத்துக்குச் செய்பவருக்குக் கையுறையும் தக்க கூலியும் மதிப்பும் தருவதும், சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்காமல் இயந்திரத்தை இறக்குவதும், திருக்குறிப்புத் தொண்டரின் ஊரில் சமயக் கடமைகளாகவே எண்ணத்தக்கவை. இவற்றைச் செய்யாமல் நின்மலனைத் தொழுபவர், மலத்தைக் கழுவும் இறைவனை ஏற்றுக்கொண்டு, கழுவுதல் என்ற அவன் செயலை மட்டும் இழிவென்று ஒதுக்கியவர் ஆகிறார்.