பட்டதாரிக்கு ரெண்டு ஓட்டு

நான் பி.காம். என்ன மார்க் என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் மேலவை மட்டும் இன்று இருந்திருந்தால், அந்தப் பட்டத்துக்காக எனக்கு இன்னொரு ஓட்டு உண்டு. அரசியல் சட்டத்தின் 171-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பது, இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பது. அதிலும் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத ஆசிரியர்கள். எர்ணாவூரில் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கும் டீச்சர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

ராயபுரத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "இன்னா சார் இது, ராத்திரி பூரா ஹார்பர் க்யூல நிக்கிறவன் நானு. ஓட்டு மட்டும் உனக்கு ரெண்டா?" என்றார்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்தவனுக்குக் கூடுதல் ஓட்டு என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 19-ம் நூற்றாண்டில் வாதாடினார். பல்கலைக்கழகங்களுக்கென்று தனித் தொகுதி வைத்திருந்த பிரிட்டனே 1948-ல் சட்டம் போட்டு அதை ஒழித்துவிட்டது. நாம்தான் அந்தச் சரக்கை இறக்குமதி செய்து பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இங்கே 1986-ல் எம்.ஜி.ஆர். மேலவையை ஒழித்தார். அதற்கப்புறம் நடந்தது கண்ணாமூச்சி. 1989-ல் தி.மு.க. 'வேண்டும்' என்று தீர்மானம், 1991-ல் அ.தி.மு.க. 'வேண்டாம்'. 1996, 2001-லும் அதே கதை. 2010-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு 78 இடம் கொடுத்தது. 2011-ல் ஜெயலலிதா வந்து வேண்டாமென்று தீர்மானம் போட, மேலவை வரவேயில்லை.

சரி, ரெண்டாவது சபை எதற்கு? வாஷிங்டன் சொன்னதாக ஒரு கதை உண்டு. சூடான காபியை டபராவில் ஊற்றி ஆற்றுவதுபோல, கீழ்ச்சபையின் சூட்டை மேல்சபை ஆற்றுமாம். நம் ராஜ்யசபா ஆற்றிய லட்சணம் 2016-ல் தெரிந்தது. ஆதார் மசோதாவை 'பண மசோதா' என்று முத்திரை குத்திவிட்டார்கள். ராஜ்யசபா சொன்ன திருத்தங்களை லோக்சபா ஓரமாகத் தள்ளிவிட்டது. டபரா இருந்தது, ஊற்றத்தான் விடவில்லை.

கொல்லைப்புற வழி என்ற புகாரும் பொய்யில்லை. 1952-ல் ராஜாஜி தேர்தலில் நிற்காமலே, மேலவை நியமன உறுப்பினராகி முதல்வரானார். 1962-ல் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா ராஜ்யசபாவுக்குப் போனார். ஆனால் அண்ணா அங்கே பேசிய பேச்சை டெல்லி கேட்காமல் போயிருந்தால் நஷ்டம் யாருக்கு? அதனால்தான் 'ஒழித்துக் கட்டு' என்று சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

எண்ணூரைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்தது. மீனவர்கள் கையாலேயே அள்ளினார்கள். அதே மாதம் அமோனியா கசிவு. அந்த ஆறு கெட்டது ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில் அல்ல, பல வருடங்களில். ஐந்து வருடத்தில் ஓட்டுக் கேட்டு வரவேண்டியவருக்கு அவ்வளவு நீளமாகப் பார்க்கப் பொறுமை இருக்காது. ஆறு வருடப் பதவி, கலைக்கவே முடியாத சபை என்றால் ஒருவேளை பார்க்கலாம்.

ஆனால் அங்கே உட்காரப்போவது யார்? அயர்லாந்தின் மேல்சபையில் தொழிலாளர், விவசாயம் – மீன்பிடி என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பெரும்பாலும் ஓட்டுப் போடுவது கவுன்சிலர்களும் எம்.பி.க்களும் என்பதால் கட்சிக்காரர்களே வந்து உட்காருகிறார்கள். ஆனாலும் 2013-ல் 'ஒழிக்கலாமா?' என்று கேட்டபோது மக்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கும் மேலவை வேண்டும். பட்டதாரித் தொகுதியை எடுத்துவிட்டு, காசிமேட்டு வலைக்காரரும் துறைமுகத் தொழிலாளியும் தங்கள் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுக்கிற மேலவை. அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும், தெரியும். 'படிக்காதவர்கள் அங்கே போய் என்ன பேசுவார்கள்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1986-ல் மூடப்பட்ட நம் மேலவையின் கடைசித் தலைவர் ம.பொ.சி. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். படிப்பு, மூன்றாம் வகுப்பு.