அடுத்த தலைமுறை என்றொரு வாக்குறுதி

கையடக்கத் தொலைபேசி வலையமைப்புகளுக்குத் 'தலைமுறை' என்ற பெயரைச் சூட்டியவர் யாரோ, மனித மனத்தை நன்கறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். மனிதரில் ஒரு தலைமுறை போய் அடுத்தது தலையெடுக்க இருபத்தைந்து, முப்பது வருடங்கள் செல்லும். தொலைபேசிக்குப் பத்து வருடம் போதும். எண் ஏற ஏற, பழைய எண்ணோடு நிற்பவன் காலாவதியானவன் என்ற எண்ணமும் கூடவே ஏறுகிறது. இந்த ஏற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகமாகக் கதைத்தாலே விஞ்ஞானத்தின் விரோதி என்ற பட்டம் கிடைத்துவிடும். ஆகவே, ஐயம் கொள்வது ஒரு குற்றமா என்ற கேள்வியை நான் முதலில் கேட்டுப் பார்க்கிறேன்.

ஐயத்தின் பெயரால் குற்றம் நடந்ததுண்டு. 2020 ஏப்ரலில் பிரித்தானியாவில் பல தொலைபேசிக் கோபுரங்கள் தீ வைக்கப்பட்டன. 5ஜி அலைகள்தான் கொரோனாவைப் பரப்புகின்றன என்ற வதந்தி அதற்குப் பின்னணி. 5ஜி பயன்படுத்துவதும் நெடுங்காலம் நாம் அறிந்த ரேடியோ அலைகளையே. அவற்றில் ஏறி எந்த வைரசும் பயணிக்க முடியாது. கோபுரத்தை எரித்தவர்களை ஐயவாதிகள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் அளவுக்கு மீறி நம்பியவர்கள். அரசாங்கத்தையும் கம்பனியையும் நம்ப மறுத்தவர்கள், முகம் தெரியாத ஒருவன் அனுப்பிய தகவலை அப்படியே நம்பினார்கள்.

நேர்மையான ஐயத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. 'எதைக் காட்டினால் ஒப்புக்கொள்வாய்?' என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்கும். அளந்து காட்டு, ஒப்புக்கொள்கிறேன் என்று அது சொல்லும்.

தென்கொரியாவில் அப்படி அளந்துதான் பார்த்தார்கள். 2019 ஏப்ரலில் 5ஜி சேவையை நாடு முழுவதற்கும் முந்திக்கொண்டு ஆரம்பித்த நாடு அது. வினாடிக்கு 20 ஜிகாபிட் வேகம் என்று அங்குள்ள மூன்று நிறுவனங்களும் விளம்பரம் செய்தன. அது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இலட்சிய நிலைமைக்கு வகுத்த உச்ச அளவு. பாவனையாளர் கையில் 2021இல் கிடைத்த சராசரி வேகம் ஒரு ஜிகாபிட்டைக்கூட எட்டவில்லை. 2023 மேயில் அந்நாட்டு வர்த்தக நியாய ஆணைக்குழு அம்மூன்றுக்கும் சேர்த்து 3,360 கோடி வொன் அபராதம் விதித்தது. ஐயம் செய்யக்கூடிய நல்ல காரியம் இதுதான். கோபுரம் தன் இடத்தில் நின்றது. வாக்கு மட்டும் விசாரணைக்கு வந்தது.

ஆனால் ஐயவாதியும் தன் பங்குக்குக் கணக்குக் காட்ட வேண்டியவன். 2000ஆம் ஆண்டில் 3ஜி அலைவரிசைகளுக்காக ஐரோப்பாவில் ஏலம் நடந்தது. பிரித்தானியாவில் மட்டும் சுமார் 2,250 கோடி பவுண், ஜேர்மனியில் சுமார் 5,000 கோடி யூரோ. முகம் பார்த்துக் கதைக்கலாம் என்பது அன்றைய பெரிய கவர்ச்சி. இதெல்லாம் வீண் செலவு என்று சொன்னவர்களின் பேச்சு சில வருடங்களுக்குச் சரியாகவே இருந்தது. வீடியோ அழைப்பை விரும்பி எடுத்தவர் அன்று மிகச் சிலர். இன்றோ கடல் கடந்து உழைக்கும் தகப்பன், தான் தொட்டுத் தூக்காத பிள்ளை தவழ்வதைத் திரையில் பார்க்கிறான். வாக்குறுதி பொய்க்கவில்லை, சொன்ன தேதியில், சொன்னவர் மூலமாக, சொன்ன விலையில் வரவில்லை. கம்பனியின் கணக்கைப் பற்றி ஐயவாதிகள் சொன்னது சரி. மனிதனின் ஏக்கத்தை அவர்கள் கணக்கிலே எடுக்கவில்லை.

என் மருமகன் இதைத்தான் பிடித்துக்கொள்கிறான். "ரோட்டப் போட்டா வாகனம் தானா வரும் மாமா. முதல்ல ரோட்டப் போட விடுங்க" என்கிறான். நியாயமான வாதம். "அந்த ரோடு எந்த ஊரோட முடியுது மகன்?" என்று மட்டும் நான் திருப்பிக் கேட்கிறேன்.

ஏனென்றால் என் ஐயம் வேகத்தைப் பற்றியதல்ல. புதிய தலைமுறை வரும்போது பழையது ஓய்வுபெறுகிறது. அவுஸ்திரேலியாவில் 2024இல் 3ஜி முற்றாக நிறுத்தப்பட்டபோது ஒரு சிக்கல் வெளிப்பட்டது. சாதாரண அழைப்பை 4ஜியில் எடுக்கும் சில தொலைபேசிகள், 000 என்ற அவசர இலக்கத்துக்கு மட்டும் 3ஜியையே நம்பியிருந்தன. அத்தகைய தொலைபேசிகளுக்குச் சேவை வழங்கக்கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தது. ஆபத்தில் அழைக்க முடியாத தொலைபேசியை ஒருவர் நம்பிக்கொண்டிருப்பதைவிட அது மேல். ஆயினும், பழுதில்லாத ஒரு பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கும் செலவு யார் தலையில் விழுந்தது? முன்னேற்றத்தைக் கேட்காதவர் தலையிலும் விழுந்தது.

நம் நாட்டிலோ, முந்திய வாக்கே பல ஊர்களைச் சென்றடையாமல் கிடந்தது. 3ஜி இங்கு 2006இல் வந்தது, 4ஜி 2013இல். 2021இல், கொவிட் காலத்தில், போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே நடந்து, பாறை ஏறி இணையவழிப் பாடம் படித்தார்கள். அவர்களுடைய ஆசிரியையும் கூடவே ஏறினார். நகரங்களில் 5ஜி பரீட்சார்த்தம் நடந்த செய்திகளும் அதே காலத்தில்தான் வந்தன. ஒருவனுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றாமல், இன்னொருவனுக்கு அதைவிடப் பெரிய வாக்கைக் கொடுப்பவனை ஊரில் என்னவென்று சொல்வோம்?

2023 நவம்பரில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஆறாம் தலைமுறைக்கான சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. 2030ஐ ஒட்டி அது வருமென்கிறார்கள். வரட்டும். நான் கதவை மூடவில்லை. வந்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். நீ சொல்லும் வேகத்தை யார் அளப்பார்? நீ வந்ததும் யாருடைய தொலைபேசி ஊமையாகும்? சென்ற முறை விடுபட்ட ஊர் இம்முறை பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கான பதிலை வைத்தே மற்ற இரண்டையும் நான் எடைபோடுவேன். வாக்குறுதி கடைசி மனிதனிடம் எப்போது வந்து சேர்கிறது என்பதில்தான் அதைத் தந்தவரின் நாணயம் தெரியும்.