மாசிலாமணியும் ஒரு பச்சைப் புள்ளியும்

சென்னை ரிச்சி தெருவில் இருபத்தாறு வருஷம் மானிட்டர் ரிப்பேர் பார்த்தவன் நான். குடியிருப்பது வடதிருமுல்லைவாயிலில். காலையில் எங்கள் ஊர்ச் சிவன் மாசிலாமணீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ரயில் ஏறினால், ராத்திரி கடை மூடும்வரை குறை தேடுவதுதான் பிழைப்பு. திரை முழுக்கக் கறுப்பைப் போடுவேன். பிறகு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம். கறுப்பிலும் அணையாமல் மினுக்கினால் ஸ்டக் பிக்சல். வெள்ளையிலும் இருண்டே கிடந்தால் டெட் பிக்சல்.

ஒருநாள் கல்லூரிப் பையன் ஒருவன் ஓலெட் மானிட்டரின் விலையைப் பார்த்துவிட்டு வந்து, "ஏண்ணே, டெக்னாலஜி வளர வளர விலை குறையணும்ல? இது மட்டும் ஏன் இப்படி நிக்குது?" என்று கேட்டான். வரி, டாலர் என்று எதையோ சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை.

உண்மையான பதில் கண்ணாடியில் இருக்கிறது. சீனாவின் ஹெஃபெய் நகரத்தில் பிஓஈ நிறுவனம் செய்யும் பெரிய எல்சிடி பேனல்களுக்குத் தாய்க்கண்ணாடி 2940க்கு 3370 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு படுக்கையறையின் தரை. அதில் 65 அங்குல டிவி பேனல் எட்டு அறுக்கலாம். ஒரு தூசி விழுந்தால் எட்டில் ஒன்று போச்சு. அதே கண்ணாடியில் போன் அளவுக்கு அறுத்தால் நூற்றுக்கணக்கில் வரும். அதே தூசி கெடுப்பது ஒன்றே ஒன்றைத்தான். மாவில் ஒரு கல் கிடந்தால் அப்பளத்தில் ஒன்று வீணாகும், பெரிய ரொட்டியாகத் தட்டினால் ரொட்டியே வீணாகும். அவ்வளவுதான் சங்கதி. புது வித்தை என்றால் கை பழகும்வரை கழிவு இன்னும் அதிகம். ஆக, வாங்கும் திரைக்கு மட்டும் நாம் காசு தருவதில்லை. நமக்காகக் கழித்துப்போட்ட திரைகளுக்கும் சேர்த்தே தருகிறோம்.

மைக்ரோ எல்இடி இன்னும் கொடுமை. 4கே திரையில் 82,94,400 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்கு, மொத்தம் 2,48,83,200. கண்ணுக்கே தெரியாத அந்தத் துகள்களை எடுத்து, இடம் பிசகாமல் வைக்க வேண்டும். 99.99 சதவீதம் சரியாக வைத்தாலும் 2,488 விளக்கு கெட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் இந்த மதிப்பெண்ணுக்கு மாலை போடுவார்கள், இங்கே குப்பை. சாம்சங் 2020 டிசம்பரில் அறிவித்த 110 அங்குல மைக்ரோ எல்இடிக்கு விலை 17 கோடி கொரிய வொன், அன்றைய கணக்கில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல்.

ஆனால் பையனின் கேள்வியிலும் ஒரு பிசகு இருந்தது. விலை குறையத்தான் செய்கிறது. சோனி 2007-ல் விற்ற முதல் ஓலெட் டிவி வெறும் 11 அங்குலம், இரண்டு லட்சம் யென். எல்ஜி 2013-ல் கொரியாவில் 55 அங்குலத்தைக் கொண்டுவந்தபோது ஒரு கோடியே பத்து லட்சம் வொன். இன்று அந்த அளவை மாதத் தவணையில் வாங்கி ஹாலில் மாட்டுகிறார்கள். மாட்டியதும் அது சாதாரணமாகிவிடுகிறது. 'உயர்ந்தது' என்ற பட்டம் அடுத்த பொருளுக்கு நகர்ந்து, அங்கே பழைய விலையில் உட்கார்ந்துகொள்கிறது.

எல்லா விலையும் நேர்மையான விலை என்று சொல்ல வரவில்லை. 2001 முதல் 2006 வரை எல்சிடி பேனல் கம்பெனிக்காரர்கள் தைவான் ஹோட்டல்களில் ஏறக்குறைய அறுபது தடவை கூடி விலை பேசினார்கள். ஐரோப்பிய ஆணையம் 2010-ல் சுமார் 65 கோடி யூரோ அபராதம் போட்டது. முதலில் வாய் திறந்த சாம்சங்குக்கு மட்டும் முழு மன்னிப்பு. அப்ரூவர் தர்மம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்! 2019-ல் ஆப்பிள் தன் 4,999 டாலர் மானிட்டருக்கு ஸ்டாண்டைத் தனியாக 999 டாலருக்கு விற்றதே, அதில் எந்தத் தூசியும் இல்லை, வெறும் பகட்டு.

இவற்றைத் தள்ளிவிட்டாலும் என்னை உறுத்துவது வேறு கேள்வி. துளிக் குறையும் இல்லாததை வேண்டுவது சிரத்தையா, பேராசையா?

என்னிடம் மானிட்டர் ரிப்பேருக்கு வரும் ஸ்தபதி ஒருவர் உண்டு. உளி வைப்பதற்கு முன் கல்லைத் தட்டி ஓசை கேட்பார். "முடியிற நேரத்துல மூக்கு நுனி உடைஞ்சாலும் அது சாமியில்லப்பா, படிக்கல்லு" என்பார். பின்னமான படிமம் பூஜைக்கு ஆகாது. ஏன் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். உடைந்த மூக்கைப் பார்க்கிற கண் கல்லைத்தான் பார்க்கும், சாமியிடம் போகாது. திரையும் அப்படித்தான். படம் ஓடும்போது திரை மறைந்துபோக வேண்டும். ஒரே ஒரு பச்சைப் புள்ளி மினுக்கினால் போதும், கண்ணாடி குறுக்கே வந்து நிற்கும். அந்த மறைவுக்குத்தான் இத்தனை விலை. எக்ஸ்ரே பார்க்கும் டாக்டருக்கு அப்படிப்பட்ட திரை வேண்டும்தான். திரையின் புள்ளி நோயின் புள்ளி போலத் தெரிந்துவிடக் கூடாது. கணக்குப் பார்க்கிற எனக்கு?

எங்கள் ஊர் மூலவருக்கு வாள் காயம் உண்டு. போருக்குப் போன மன்னன் தொண்டைமானின் யானைக்கால் முல்லைக்கொடியில் சிக்க, அவன் கொடியை வெட்ட, வெட்டு லிங்கத்தில் விழுந்து ரத்தம் பெருகியது என்பது தலபுராணம். வெட்டுப்பட்டும் மாசற்ற மணியாகவே இருப்பதாகச் சொன்னாராம் சிவன். பெயரும் அதுவே. மனிதன் செய்த சிலைக்கு மூக்கு நுனி முக்கியம். தானாய்த் தோன்றியவருக்கு வெட்டே அடையாளம். ஆனாலும் வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பு. சித்திரை சதயத்தன்று களைந்து புதிதாய்ச் சாத்துகிறார்கள். காயத்தைக் குளிர வைக்க என்பார்கள். எனக்கென்னவோ பார்க்கிற நம் கண்ணுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சந்தனம் என்று தோன்றும்.

அந்தப் பையன் திரும்ப வரவில்லை. வந்தால் சொல்ல இருந்ததை உங்களிடம் சொல்கிறேன். மானிட்டர் வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். கறுப்பைப் போட்டுப் பாருங்கள். ஓரத்தில் ஒரு புள்ளி மினுக்கினால் முகம் சுளிக்காமல், விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் வீட்டில் இருப்பதும் அப்படி வாங்கியதுதான். இடது மூலையில் பச்சை. பதினொரு வருஷமாக எரிகிறது.