மூன்று நாளைக்கு ஒரு சுற்று

செவ்வாயைப் படமெடுக்கப் போன கேமரா முதலில் எடுத்தது நம்மைத்தான். 2013 நவம்பர் 19. செவ்வாய்க்கு இந்தியா அனுப்பிய மங்கள்யான் அப்போது இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 68,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, இந்தியாவை நடுவில் வைத்து ஒரு படம். வங்கக் கடலில் ஹெலன் புயல் வெள்ளைச் சுழியாகக் கிடக்கிறது. படத்தில் ஒரு புள்ளிக்கு மூன்றரை கிலோமீட்டர். எங்கள் ஊரான விக்கிரமங்கலம், அதன் குளம், வயல், வெளியே போகும் சாலை எல்லாம் சேர்ந்தால் ஒன்றிரண்டு புள்ளி தேறும். எங்கள் வரப்புத் தகராறுகள் அத்தனையும் அதற்குள்தான்.

*

கேமராவின் எடை ஒன்றேகால் கிலோ சொச்சம். அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் செய்தது. 2048-க்கு 2048 புள்ளி. எங்கள் ஊர்க் கல்யாணங்களுக்கு வரும் போட்டோக்காரர் தோளில் இதைவிடப் பல மடங்கு புள்ளி தொங்குகிறது.

*

மங்கள்யானைச் சுமந்த பி.எஸ்.எல்.வி. சின்ன ராக்கெட். செவ்வாய்க்கு நேராக அனுப்பும் வலு அதற்குக் கிடையாது. கலம் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பாதையை நீட்டிக்கொண்டு, டிசம்பர் 1 அன்றுதான் கிளம்பியது. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை எட்டியபோது, தாழ்வான வட்டப் பாதைக்கு இறங்க எரிபொருள் போதவில்லை. நீண்ட பாதைதான் வாய்த்தது: கிட்டத்தில் 421 கிலோமீட்டர், எட்டத்தில் கிட்டத்தட்ட 77,000. ஒரு சுற்றுக்குச் சுமார் மூன்று நாளும் ஐம்பது நிமிஷமும்.

இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாழப் பறந்து சுற்றும் கலங்களுக்கு நிலம் கீற்றுக் கீற்றாகத்தான் கிடைக்கும். அவற்றைத் தைத்துத்தான் கிரகத்தின் முகத்தை உண்டாக்க வேண்டும். செப்டம்பர் 28 அன்று 74,500 கிலோமீட்டர் தள்ளி நின்று மங்கள்யான் எடுத்த படத்தில் செவ்வாய் முழு உருண்டையாக இருக்கிறது. வடக்கே ஒரு புழுதிப் புயல். எரிபொருள் தட்டுப்பாடு தந்த படம் அது.

*

படம் பார்க்கவும் பழக்கம் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனிடம் செவ்வாய்த் தரையின் படம் ஒன்றைக் காட்டினேன்.

“அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமா இருக்கு பெரியப்பா.”

போனைத் தலைகீழாகப் பிடித்தேன். கொப்புளம் எல்லாம் குழியாகிவிட்டது. பிடுங்கிக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

வெளிச்சம் மேலிருந்துதான் விழும் என்று கண் தானாகவே முடிவு செய்துகொள்கிறது. சூரியன் படத்தின் கீழ்ப்பக்கம் இருந்துவிட்டால் பள்ளம் மேடாகிவிடும். ஆகவே வேற்றுக் கிரகத்துப் படத்தில் முதலில் கேட்க வேண்டியது, வெயில் எந்தப் பக்கம் என்பதுதான். அது சாய்வாகவும் விழ வேண்டும். சாயங்காலத்தில் உழுத காட்டைப் பார்த்தால் கட்டி ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே காடு வெறும் தட்டை.

*

படம் எடுக்கப் பொறுமையும் வேண்டும். 1971 நவம்பரில் மாரினர் 9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. வேறொரு கிரகத்தைச் சுற்றிய முதல் கலம். போய்ச் சேர்ந்த நேரம், கிரகம் முழுக்கப் புழுதி. நாலு கரும்புள்ளிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வேலையைத் தள்ளிப்போடும்படி பூமியிலிருந்து கட்டளை மாற்றி அனுப்பினார்கள். புழுதி அடங்கியபோது அந்தப் புள்ளிகள் பிரம்மாண்டமான எரிமலைகளின் உச்சிகள் என்று தெரிந்தது. பின்னாலேயே வந்த சோவியத் கலங்கள் மார்ஸ் 2, மார்ஸ் 3. அவற்றின் கட்டளையை நடுவில் மாற்ற வழி இல்லை. குறித்த நேரத்துக்குக் குறித்தபடி எடுத்தன, பெரும்பாலும் புழுதியை.

*

எங்கள் பக்கத்தில் செவ்வாய் என்றால் தோஷம். கல்யாணம் தள்ளிப்போனால் வைத்தீஸ்வரன்கோவிலில் அங்காரகன் சன்னிதிக்குப் போய் வருவார்கள். போகிறவர்களின் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மங்கள்யானின் அந்த முழு உருண்டைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால், அரியலூர்ப் பெண்ணின் ஜாதகத்தில் இந்தக் கிரகத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அதன் சிவப்புக்குக் காரணம் இரும்புத் துரு. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக் காட்டுச் செம்மண்ணுக்கும் அதேதான்.

*

ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய மங்கள்யான் ஏழரை வருஷம் இருந்தது. 2022 ஏப்ரலில் நீண்ட கிரகண இருட்டுக்குப் பிறகு தொடர்பு அறுந்தது. மீட்க முடியாது என்று அந்த அக்டோபரில் இஸ்ரோ அறிவித்தது. அது எடுத்த படங்கள் ஆயிரத்துக்கு மேல். பெங்களூருக்குப் பக்கத்தில் பியாலாலுவில் இருக்கும் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தில் பெயர் பதிந்துகொண்டால் எவரும் அந்தத் தரவுகளை இறக்கிக்கொள்ளலாம்.

சுற்றுவட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 28 படத்தைச் சுவர் அளவுக்கு அச்சடித்து வகுப்பில் மாட்டுங்கள். காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிற காசுக்குள் முடிந்துவிடும்.