மலிவு எங்கிருந்து வருகிறது?

கையில் பணம் புரளும்போது எந்தக் கடையில் வாங்குவது என்பது வெறும் விருப்பம். வருவாய் சுருங்கும்போது அதுவே குடும்ப நிர்வாகத்தின் தலையாய பிரச்சினை ஆகிவிடுகிறது. எங்கே இரண்டு ரூபாய் குறையும் என்று தேடி அலையும் தாயைக் கஞ்சத்தனம் உள்ளவள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். அவள் தன் கடமையைச் செய்கிறாள். அந்தத் தேட்டத்தை நம்பியே மலிவு விலைக் கடைகள் தோன்றுகின்றன, பெருகுகின்றன, ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆனால் மலிவாக விற்பவன் எல்லா நிலையிலும் நல்லவன்தானா? மலிவாக வாங்குபவனுக்கு, வாங்கியதோடு பொறுப்பு முடிந்துவிடுகிறதா? இவ்விரு வினாக்களையும் சற்று நிதானமாகச் சிந்தித்தல் நலம்.

சேர்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் அங்கே காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அன்றுமுதல் அம்மலையின் வாழ்வும் தாழ்வும் பெரிதும் காப்பியோடு பிணைந்துவிட்டன. மிளகும் ஆரஞ்சும் பலாவும் விளைகின்றன என்றாலும், அடுப்பெரியத் தேவையான பருப்பும் எண்ணெயும் புளியும் மிளகாயும் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் லீ பஜாரிலிருந்தும் லாரியேறி வரவேண்டும். ஆகவே மலைக்கடையின் விலையில் லாரி வாடகை சேர்ந்தேயிருக்கும். கீழே விற்கும் விலைக்கு மேலே விற்க இயலாது என்பது அங்கே எவருக்கும் தெரிந்த கணக்கு.

அந்த மலைக்கடையில் விலையோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதுதான் பற்று நோட்டு. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் கூலி தாராளமாகப் புழங்கும். மற்ற மாதங்களில் வேலை நாட்கள் குறையும். இடைப்பட்ட காலத்தை ஒரு கூலிக் குடும்பம் கடந்து செல்வது பெரும்பாலும் மளிகைக் கடைக்காரர் எழுதிவைக்கும் பற்றினால்தான். அறுவடையில் அடைத்து, ஆனியில் மீண்டும் தொடங்கும் இந்தக் கணக்குக்குப் பத்திரமும் இல்லை, ஈடும் இல்லை. முகம் ஒன்றே ஈடு.

இந்த ஏற்பாட்டை உலகச் சந்தை எப்படி அசைக்கிறது என்பதையும் காணவேண்டும். சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை 1989இல் முறிந்தது. உலக விலை சரிந்தது. அப்போது நம் நாட்டு விவசாயிகளின் காப்பியைக் காப்பி வாரியமே திரட்டி விற்றுவந்ததால் அடியின் வேகம் ஓரளவு தணிந்தது. அந்த முறை 1990களில் படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முடிவுற்றது. அதன்பின் 2001, 2002ஆம் ஆண்டுகளில் உலகக் காப்பி விலை பல பத்தாண்டுகள் காணாத அளவுக்கு வீழ்ந்தபோது, நடுவே தாங்கிக்கொள்ள எவரும் இல்லை. விலை வீழ்ந்தால் தோட்டத்தில் களையெடுப்பு குறையும். களையெடுப்பு குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் நோட்டில் பற்று நீளும். இலண்டனிலும் நியூயார்க்கிலும் தீர்மானமாகும் விலை, ஏற்காட்டு மளிகைக் கடையின் நோட்டில் வந்து முடிகிறது.

இத்தகைய மந்த காலமே மலிவுக் கடைக்கு வளர்பிறை. காரணம் எளிது. வியாபாரம் நொடித்தவர்கள் காலிசெய்த கட்டடங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். வேலை தேடுவோர் மிகுதியாக இருப்பர். நேற்றுவரை உயர்ந்த கடைகளுக்குச் சென்றவர்களும் படியிறங்கி வருவர். மலிவுக் கடைக்காரனின் தொழில் நுட்பமோ இன்னும் எளியது: சில நூறு பண்டங்களை மட்டும் வைத்துக்கொள்வது, அவற்றை மொத்தமாக வாங்குவது, அலங்காரத்தைத் தவிர்ப்பது, ரொக்கத்துக்கே விற்பது, சரக்கை விரைவில் புரட்டுவது. ஒரு முறை விற்று ஈட்டும் பெரிய இலாபத்தினும், பலமுறை விற்று ஈட்டும் சிறிய இலாபம் பெரிது என்பதே அவன் பாடம்.

வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது. அமெரிக்காவில் 1873இல் தொடங்கிய நெடிய மந்தத்தின் இறுதியில், 1879இல், ஊல்வொர்த் தம் ஐந்து சென்ட் கடையை லான்காஸ்டரில் வெற்றியோடு நிறுவினார். 1930ஆம் ஆண்டு, பெருமந்தம் சூழ்ந்துவரும் வேளையில், மைக்கேல் கல்லன் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கைவிடப்பட்ட மோட்டார் கொட்டகை ஒன்றில் கிங் கல்லன் அங்காடியைத் திறந்தார். போர் முடிந்து நொறுங்கிக் கிடந்த ஜெர்மனியில், 1946இல், தாயாரின் சிறு கடையை ஏற்ற ஆல்பிரெக்ட் சகோதரர்கள் வளர்த்ததே இன்றைய ஆல்டி. 2008இன் நிதி நெருக்கடிக்குப் பின் பிரிட்டனில் ஆல்டியும் லிடிலும் ஆண்டுதோறும் வளர்ந்தன. 2022இல் ஆல்டி, மாரிசன்ஸை முந்தி அந்நாட்டின் நான்காவது பெரிய மளிகை அங்காடியாயிற்று.

நம் தமிழகத்திலும் ஒரு பெரும் பாடம் நடந்தேறியது. 1997இல் சென்னை திருவான்மியூரில் தொடங்கப்பட்டது சுபிக்ஷா. குளிர்சாதனம் இல்லாத சிறு கடைகள். அச்சிட்ட விலையிலும் குறைந்த விலை. மளிகையும் மருந்தும் ஒரே கூரையின் கீழ். நடுத்தரக் குடும்பங்கள் அதை மனமார வரவேற்றன. பல ஆண்டுகள் தமிழகத்துக்குள் நிதானமாக வளர்ந்த அந்நிறுவனம், பின்னர் நாடெங்கும் பாய்ந்து, 2008க்குள் 1,600க்கும் மேற்பட்ட கடைகளைக் கண்டது. அந்தப் பாய்ச்சலுக்குத் துணைநின்றது கடன். 2008 செப்டம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் நொடித்தது. உலகெங்கும் கடன் ஊற்றுகள் வற்றின. 2009இன் தொடக்கத்தில் சுபிக்ஷாவின் கடைகள் மூடிக்கிடந்தன. ஊழியர்களுக்கு ஊதிய பாக்கி. சரக்கு தந்தவர்களுக்கும் பாக்கி.

அதே செப்டம்பர் 15ஆம் நாள்தான் தமிழக அரசு நியாய விலைக் கடைகளில் ஒரு கிலோ அரிசியை ஒரு ரூபாய்க்கு வழங்கத் தொடங்கியது. 2011 ஜூன் முதல் அதுவும் விலையில்லா அரிசியாயிற்று. ஆக, ஆல்டி தந்தது ஒரு மலிவு. சுபிக்ஷா தந்தது ஒரு மலிவு. அரசு தந்தது ஒரு மலிவு. பலகையில் எழுதிய விலையைப் பார்த்தால் மூன்றும் ஒன்றே. ஊற்றோ வேறு வேறு. ஒன்று சிக்கனத்திலிருந்து வந்தது. ஒன்று பெரும்பாலும் கடனிலிருந்து வந்தது. ஒன்று பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து வந்தது. விலைப்பலகை ஒருபோதும் தன் ஊற்றைச் சொல்வதில்லை என்பதே இங்குள்ள இடர்.

மலிவாக விற்பது குற்றமாகுமா என்னும் வினா நம்மவர்க்குப் புதிதன்று. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களை வேண்டினர். விலையை வகுப்பவன் இறைவனே என்று கூறி, எவருக்கும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பாமல், அவர்கள் இசைய மறுத்தார்கள். ஆயினும் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் எதிர்த்திசையிலிருந்து ஒரு வழக்கு வந்தது. ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் சந்தையில் உலர்ந்த திராட்சையை மற்றவரினும் மலிவாக விற்பதைக் கண்ட கலீஃபா, விலையை உயர்த்தும்படியும் இல்லையேல் சந்தையை விட்டு அகலும்படியும் கூறியதாக இமாம் மாலிக் அவர்களின் முவத்தா தெரிவிக்கிறது. இமாம் ஷாஃபிஈ அவர்கள் வழியாக வரும் செய்தியோ மேலும் தொடர்கிறது: கலீஃபா வீடு திரும்பித் தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டார், பின்னர் ஹாத்திபின் இல்லம் தேடிச் சென்று, தாம் சொன்னது தீர்ப்பன்று, ஊராரின் நலம் நாடிய ஓர் எண்ணமே என்றும், அவர் விரும்பியவாறு விற்கலாம் என்றும் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சியின் இரு பாதிகளும் நமக்குத் தேவை. மலிவு, சந்தையிலுள்ள மற்றவர்களின் அடுப்பை அணைத்துவிடுமோ என்னும் கவலை முதற்பாதி. தன் பொருளைத் தான் விரும்பிய விலைக்கு விற்கும் ஒருவனை வற்புறுத்த ஆட்சியாளனுக்கு உரிமையுண்டா என்னும் அச்சம் மறுபாதி. நூற்றாண்டுகள் பல கடந்தும் அரசுகள் இவ்விரண்டுக்கும் இடையே நின்று தடுமாறவே செய்கின்றன. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போட்டிக் கண்காணிப்பு அலுவலகம் வால்மார்ட், ஆல்டி, லிடில் ஆகிய மூன்றையும் பார்த்து, கொள்முதல் விலைக்கும் கீழே சில அடிப்படைப் பண்டங்களை விற்பதை நிறுத்துமாறு ஆணையிட்டது. நம் நாட்டின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும், சந்தையில் மேலாதிக்கம் பெற்ற நிறுவனம் போட்டியாளரை ஒழிக்கும் பொருட்டு அடக்க விலைக்கும் கீழே விற்பதைத் தடை செய்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அறத்தின் அளவுகோல் எது? மலிவின் ஊற்றைக் கேட்பதே. தன் வீண் செலவைக் குறைத்து மலிவாக விற்பவன் போற்றத்தக்கவன். மொத்தமாக வாங்கி, அந்த ஆதாயத்தைப் பங்கிட்டுக் கொடுப்பவனும் அத்தகையவனே. ஊழியனின் கூலியைப் பிடித்தும், விளைவித்தவனின் கழுத்தை நெரித்தும் மலிவாக விற்பவன், ஒருவர் வீட்டுச் சோற்றை எடுத்து மற்றவர்க்குப் பரிமாறுகிறான். இன்று நட்டத்துக்கு விற்றுப் பக்கத்துக் கடையை மூடவைத்து, நாளை விலையேற்றக் காத்திருப்பவன் தருவது மலிவே அன்று. அது தவணை முறையில் வசூலாகப்போகும் விலை.

அப்படியானால் பற்று நோட்டுக் கடைக்காரர் குறையற்றவரா? அவ்வாறு சொல்லுதல் நேர்மையாகாது. திரும்பி வராத கடனைத் திரும்பி வரும் கடனின் மேல் ஏற்றுபவர் உண்டு. கடன்பட்டவன் வேறு கடைக்குப் போகமுடியாது என்பதை அறிந்து எடையில் கைவைப்பவரும் உண்டு. காலம் தருவதற்கு வட்டி வாங்காமல், அந்த வட்டியைப் பருப்பின் விலைக்குள் ஒளித்துவைப்பவரும் உண்டு. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் வகுத்த நெறி, பெரிய கடைக்கு மட்டும் உரியதன்று.

இனி, வாங்குபவரின் பொறுப்பு. நாட்கூலியில் வாழும் ஒரு பெண், சேலத்து மலிவுக் கடையில் மாதம் நூறு ரூபாய் மிச்சமாகுமென்றால், உள்ளூர்க் கடைக்காரரைக் காப்பதற்காக அந்த நூறு ரூபாயை இழக்கவேண்டும் என்று எந்த அறமும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. ஏழையின் தலையில் பிறர்க்கான தர்மத்தை ஏற்றிவைத்தல் தர்மமாகாது. ஆனால் வேறொரு காட்சியும் உண்டு. கையில் ரொக்கம் இருக்கும் மாதங்களில் கீழே இறங்கி வாங்குவது. கை வறண்ட மாதங்களில் மட்டும் மலைக்கடையின் வாசலில் நின்று பற்று எழுதச் சொல்வது. இப்படி எல்லோரும் செய்தால் அந்தக் கடைக்கு வறட்சி மட்டுமே மிஞ்சும். ரொக்க வாடிக்கையாளர் தரும் பணத்தைச் சுழற்றித்தான் அவர் கடன் கொடுக்கிறார். ரொக்கம் முழுவதும் மலையிறங்கிவிட்டால், அடுத்த மந்தத்தில் பற்று எழுத நோட்டும் இராது, கடையும் இராது. அப்போது அதிகம் தவிப்பவர், கீழே போய்வரப் பேருந்துக் கட்டணமும் இல்லாத கடைக்கோடி மலைக்கிராமத்தார்.

இதிலும் கொடியது, நோட்டில் பாக்கி நிற்கையிலேயே புதிய கூலியை மலிவுக் கடைக்குக் கொண்டுபோவது. நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறு திருமறை பணிக்கிறது. கடன் கொடுத்தவர் அந்த அவகாசத்தைத் தந்தார். வசதி வந்த நாளில் முதல் உரிமை அவருடையது. அவர் தந்த பொறுமையில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு வேறொருவரின் தள்ளுபடியை அனுபவிப்பது, மலிவாகத் தோன்றினும், பிறர் உடைமையைக் கொண்டு செய்யும் சிக்கனமே ஆகும்.

விடிவழி இல்லாமலில்லை. 1844இல், இங்கிலாந்தின் ரோச்டேலில், வறுமையில் உழன்ற நெசவாளர் முதலிய இருபத்தெட்டுப் பேர் கூடி ஒரு கடை வைத்தனர். அவர்கள் சந்தை விலைக்கே விற்றனர்; ஆகவே எவர் கடையையும் அழிக்கவில்லை. எடையில் நேர்மை காத்தனர். மிகுந்த இலாபத்தை, வாங்கியவரின் கொள்முதலுக்கு ஏற்பத் திருப்பித் தந்தனர். அந்த ஒளியில் 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் எழுந்ததே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். இங்கே மலிவு பிறப்பது வாங்குவோரின் ஒற்றுமையில். அதன் கணக்கைச் சங்கத்தின் உறுப்பினர் எவரும் கேட்டுப் பார்க்கலாம்.

கணக்குக் கேட்க இயலாத கடைகளே இனிப் பெருகும். மந்தம் மீண்டும் வரும். அதனோடு மலிவுக் கடைகளும் வரும். நாம் அவற்றுள் நுழைவதில் தவறேதுமில்லை. நுழையுமுன் இரண்டு கேள்விகள் போதும்: இந்தக் குறைந்த விலையில் எஞ்சிய தொகையை யார் கட்டுகிறார்? நம் பெயரில் எந்த நோட்டிலாவது இன்னும் பாக்கி நிற்கிறதா? முதற்கேள்விக்கு விடை கிடைக்காமற் போகலாம். இரண்டாவதன் விடை நம் கையிலேயே இருக்கிறது.